தண்டனை முடிந்த பின் காவல்துறைப் பதிவைச் சரிசெய்வது எப்படி?

தண்டனையை முழுமையாக முடித்து வந்த சகோதரர்கள் சிலர், பாஸ்போர்ட்டுக்கோ வேலைக்கோ விண்ணப்பித்தபோது "உங்கள் மீது வழக்கு நிலுவையில் உள்ளது" என்ற பதில் வந்ததாகக் கூறி நம் அலுவலகத்தை அணுகுகின்றனர். அவர்களுக்காகவும், அவர்களின் குடும்பத்தாருக்காகவும் இதை எழுதுகிறோம்.

தண்டனை முடிந்துவிட்டதால் குற்றப்பதிவை அழித்துவிடும் பொதுச் சட்டம் எதுவும் நம் நாட்டில் இல்லை. 18 வயதுக்குள் தவறு செய்த சிறார்களுக்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பெரும்பாலும் அந்தச் சலுகையை அளிக்கிறது. மற்றவர்களுக்குப் பதிவு இருக்கவே செய்யும். ஆனால் அது உண்மை நிலையைக் காட்ட வேண்டும்.

இதில் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். விண்ணப்பத் தேதிக்கு முந்தைய 5 ஆண்டுகளுக்குள், ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக 2 ஆண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றவருக்கு பாஸ்போர்ட் மறுக்கலாம் என்கிறது 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம். அந்த 5 ஆண்டு கடந்தவருக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் வழக்கு நிலுவையில் இருப்பதும் மறுப்புக்குத் தனிக் காரணம். எனவே முடிந்த வழக்கு "நிலுவை" என்று நின்றால், இல்லாத தடை வந்து சேர்கிறது.

செய்ய வேண்டியவை:

1. தீர்ப்பு வழங்கிய நீதிமன்றத்தில் தீர்ப்பின் சான்றிட்ட நகல் பெறுங்கள். மேல்முறையீடு நடந்திருந்தால் அந்தத் தீர்ப்பும் வேண்டும்.

2. சிறையிலிருந்து விடுதலைச் சான்றும், அபராதம் கட்டிய ரசீதும் எடுத்து வையுங்கள்.

3. வழக்குப் பதிவான காவல் நிலையத்தில், குற்ற எண், நீதிமன்ற வழக்கு எண் குறிப்பிட்டு, பதிவைத் திருத்தக் கோரி மனுக் கொடுங்கள். மனு ரசீது வாங்க மறவாதீர்கள்.

4. பதில் இல்லையேல் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கோ மாநகர ஆணையருக்கோ பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதன் பிறகும் பலனில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு உண்டு.

விண்ணப்பப் படிவத்தில் வழக்கு, தண்டனை பற்றிக் கேட்டிருந்தால் மறைக்காதீர்கள். பணியாளர் தரும் விவரம் உண்மையாக இருக்க வேண்டும் என்று 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. பழைய தண்டனையால் போகாத வேலை, மறைத்ததால் போய்விடக்கூடும்.

வழக்கறிஞருக்குச் செலவிட வசதியில்லாதோர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். இலவசத் தொலைபேசி எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பின்றி அங்கு உதவி கிடைக்கும். மனு எழுதத் தெரியாதவர்கள் காகிதங்களுடன் நம் அலுவலகத்துக்கு வரலாம், எழுதித் தருகிறோம்.

தண்டனையை அனுபவித்து முடித்தவர் தம் கணக்கைத் தீர்த்தவர். அவருக்கு வேலையும் வாடகை வீடும் மறுக்காமல் இருப்பது நம் பொறுப்பு.