நிற்கிற தேக்குக்குப் பணமா? கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு

"மரத்தை வெட்டவே வேண்டாம். நிற்கிற மரத்துக்கே கார்பன் பணம் வரும்" என்று ஒப்பந்தத் தாளோடு ஒருவர் வந்தால், உடனே விரட்டவும் வேண்டாம், உடனே கையெழுத்தும் போட வேண்டாம். முதலில் கணக்குப் போடுங்கள்.

காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கார்பன். ஒரு கன அடி தேக்கு சுமார் 18 கிலோ என்றால் கார்பன் 9 கிலோ. அதை மரம் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடாக வாங்கியது. அப்படிப் பார்த்தால் 33 கிலோ. ஆக, 30 கன அடிக்கு ஒரு டன். ஒரு டன்னுக்கு ஒரு கார்பன் கிரெடிட், அதாவது புகை விடும் நிறுவனங்கள் அதற்கு ஈடாக விலைகொடுத்து வாங்கும் சான்று. கிளையையும் வேரையும் சேர்த்தால் இன்னும் கூடும்.

சந்தையில் கிரெடிட் சில நூறு ரூபாய்க்கும் போகிறது. தரமானதென்றால் ஆயிரத்தைத் தாண்டும். அந்த 30 கன அடியை மரக்கடையில் போட்டால் என்ன கிடைக்கும் என்று தேக்கு வைத்திருப்பவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மரப்பணத்துக்கு மேல் வரும் உபரி என்றால் கார்பன் பணம் லாபம். வெட்டும் உரிமையை 30, 40 ஆண்டுகளுக்குக் கட்டிப்போட்டு வாங்கும் பணமென்றால் அது நஷ்டக் கணக்கு.

தரகர்கள் சொல்லாமல் விடுவது இன்னும் உண்டு. நட்ட முதல் சில ஆண்டுகளில் கன்றில் சேரும் கார்பன் சொற்பம். ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் மரத்துக்குப் பொதுவாகக் கிரெடிட் கிடையாது. திட்டத்தால் கூடுதலாகச் சேர்வதற்குத்தான். அளவீடு, தணிக்கைச் செலவு போக, இழப்புக்கென்று ஒரு பங்கு கிரெடிட்டையும் திட்டம் பதிவான கார்பன் பதிவேட்டில் ஒதுக்கி வைப்பார்கள். 2018 கஜா போல ஒரு புயல் தோப்பைச் சாய்த்துவிட்டால் அந்த ஒதுக்கீடு ஈடுகட்டுமா, வாங்கிய பணத்தை நீங்கள் திருப்பித் தர வேண்டுமா? ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடுவது இந்த வரியைத்தான். நெருக்கமாக நிற்கும் மரங்களை இடையில் வெட்டிக் கழிக்க அனுமதி உண்டா, நிலத்தை விற்றாலோ பாகம் பிரித்தாலோ பொறுப்பு யார் தலையில் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். தமிழ்ப் பிரதி கேளுங்கள். தர மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். வெர்ரா, கோல்ட் ஸ்டாண்டர்ட் போன்ற பதிவேடுகளை யாரும் இணையத்தில் பார்க்கலாம். திட்ட எண்ணைக் கேட்டு வாங்கி, உங்கள் பகுதி அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நிலமில்லாதவர்களிடம் வேறு வலை. "மரத்தில் முதலீடு செய்யுங்கள், பல மடங்கு திரும்பும்" என்பார்கள். சென்னையின் அனுபவ் பிளான்டேஷன்ஸ் 1998இல் சரிந்தபோது தேக்குத் திட்டத்தில் பணம் போட்ட ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். பலரிடம் பணம் திரட்டி நடத்தும் இத்தகைய கூட்டு முதலீட்டுத் திட்டங்கள் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியில் பதிவு பெற வேண்டும் என்ற விதிகள் 1999இல் வந்தன. தேக்கு என்ற இடத்தில் கார்பன் என்று எழுதிவிட்டால் அந்த விதி மறைந்துவிடாது.

பணம் கட்டி ஏமாந்தவர்கள் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் தரலாம். முதலீட்டாளர் பணத்தைக் காக்க 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் இருக்கிறது. பொய் சொல்லி வாங்கிய கையெழுத்தென்றால், இந்திய ஒப்பந்தச் சட்டப்படி அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கோரலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும். ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கோரும் வழக்கை, ஏமாற்று தெரியவந்ததிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் போட்டாக வேண்டும் என்பதால், ஊர்ப் பஞ்சாயத்தில் பேசிப் பேசியே நாளைக் கடத்த வேண்டாம்.