சீட்டில் 25, கட்டில் 20

திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங் முடிந்த பீஸ்கள் பண்டல் பண்டலாகத்தான் ஓவர்லாக் டைலரிடம் போகும். ஒவ்வொரு பண்டலிலும் ஒரு சீட்டு: சைஸ், ஷேடு, எத்தனை பீஸ். சீட்டில் 25 என்று எழுதியிருந்து, உள்ளே 20தான் இருந்தால்? பார்க்காமல் 25 எடுக்கும் கை, கடைசி ஐந்தைப் பக்கத்துப் பண்டலிலிருந்து உருவிவிடும். வேறு ஷேடில் கை வைத்த சட்டை செக்கிங்கில் கழிக்கப்படும்.

அந்த டைலரின் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் பண்டல்கள் ஓடுகின்றன. ஆண்ட்ராய்டின் அடித்தளம் லினக்ஸ் கெர்னல். வைஃபையைக் கவனிக்கும் மென்பொருள் கெர்னலோடு பேசும் வழிக்கு நெட்லிங்க் என்று பெயர். செய்தி சிறு சிறு கட்டுகளாகப் போகும்; ஒவ்வொன்றின் தலையிலும் 4 பைட் சீட்டு. இரண்டு பைட்டில் நீளம், இரண்டு பைட்டில் வகை.

வைஃபைக்கு 'திருப்பூர்' என்று பெயர் வைப்போம். எழுத்து ஐந்துதான். ஆனால் கணினிக்குப் புள்ளியும் உயிர்க்குறியும் தனிக்குறி. ஆக 10 குறி, குறிக்கு 3 பைட், மொத்தம் 30. சீட்டையும் சேர்த்து நீளம் 34. அடுத்த கட்டு நான்கின் மடங்கில் தொடங்க வேண்டும் என்பதால் 2 பைட் வெற்றிடம். வைஃபை பெயருக்கு வரம்பு 32 பைட்; இன்னொரு தமிழ் எழுத்து நுழையாது.

கட்டைத் தொடுமுன் கெர்னல் மூன்றைப் பார்க்கும். மிச்சமுள்ள செய்தியில் 4 பைட் சீட்டாவது இருக்கிறதா? சீட்டு சொல்லும் நீளம் நான்குக்குக் குறையவில்லையே? அது மிச்சத்துக்குள் அடங்குகிறதா? நடுக்கேள்வி அற்பமாகத் தோன்றும். ஆனால் அதை விட்டுவிட்டால், நீளம் 0 என்று வரும் ஒரு கட்டே போதும்: அடுத்ததற்கு நகர வழியின்றி நிரல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

2014-இல் ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் ஓட்டை, சீட்டை அப்படியே நம்பியதால் வந்ததுதான். அனுப்பியவர் சொன்ன நீளத்துக்குப் பக்கத்து நினைவகத்தையும் சேர்த்து, ஒரு முறைக்கு 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்தது.

கெர்னலும் தவறியிருக்கிறது. வைஃபை நிலையம் தன் இருப்பை ஒலிபரப்பும் பீக்கன் செய்திக்குள் பல உறுப்புகள், ஒவ்வொன்றுக்கும் தனி நீளம். லினக்ஸ் 5.2.17 வரை வெளிக்கட்டின் அளவு பார்க்கப்பட்டது; உள்ளே இருந்தவற்றின் நீளம் பார்க்கப்படவில்லை. நினைவகம் வழிந்து எழுதப்படும் இந்தக் குறை, 2019-இல் பாதுகாப்புக் குறைகளின் பட்டியலில் சிவிஇ-2019-16746 என்று பதிவானது. இப்போது கெர்னல் பீக்கனை ஏற்பதற்கு முன்பே, உறுப்பு உறுப்பாகக் கடைசி பைட் வரை நடந்து பார்க்கிறது; ஒன்று எல்லை தாண்டினாலும் முழுச் செய்தியையும் திருப்பி அனுப்பிவிடுகிறது.