கோதுமை ஆகாத வயிறு

குச்சிக்கிழங்கு பயிராகும் நாமக்கல் ஜில்லா மல்லசமுத்திரத்துக் காடுகளுக்கும், ஹாலந்து தேசத்தில் குழந்தை வைத்தியராக இருந்த வில்லெம் கரேல் டிக்கே என்பவருக்கும் என்ன சம்பந்தம் இருக்க முடியும் என்று வாசகர் கேட்பது நியாயமே. இரண்டாவது உலக மகாயுத்தத்தினால் கடல் மார்க்கங்கள் அடைபட்டு, கீழைத் தீவுகளிலிருந்தும் மலேயாவிலிருந்தும் வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோகவே, 1943-ஆம் வருஷத்தில் சேலத்து வியாபாரியான மாணிக்கம் செட்டியார், மலேயாவில் அந்தத் தொழிலை அறிந்து வந்திருந்த போபட்லால் ஷாவின் துணையோடு, நம் பக்கத்துக் கிழங்கிலிருந்தே ஜவ்வரிசி செய்யத் தலைப்பட்டார். அதற்கடுத்த 1944–45 பனிக்காலத்தில், அதே யுத்தத்தினால் ஹாலந்தில் ரொட்டிப் பஞ்சம் உண்டாகி, ஜனங்கள் டூலிப் பூச்செடியின் கிழங்கைக்கூடத் தின்று உயிர் தரிக்க நேர்ந்தபோது, நெடுநாளாய் வயிற்றுப்போக்கால் மெலிந்து கிடந்த சில குழந்தைகள் மட்டும் ஊரார்க்கு மாறாகத் தேறி வந்ததையும், ரொட்டி மறுபடி கிடைத்தவுடன் அவர்கள் மீண்டும் நலிந்ததையும் டிக்கே கண்டார். ஓரிடத்தில் ஒரு வியாதியின் காரணத்தை வெளிப்படுத்திய யுத்தமே, மற்றோரிடத்தில் அவ்வியாதிக்காரர் அச்சமின்றி உண்ணத்தக்க ஒரு பண்டத்தைப் பெருந்தொழிலாக்கிற்று.

அந்த வியாதிக்குச் சீலியாக் நோய் என்று பெயர். அதன் லக்ஷணங்களைக் கப்படோக்கியா நாட்டு அரேட்டியஸ் என்னும் வைத்தியர் ஏறத்தாழ பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். 1888-இல் லண்டனில் சாமுவேல் ஜீ என்பவர், இது நிவர்த்தியாவதாயின் ஆகாரத்தினால்தான் ஆகவேண்டும் என்று ஊகித்தாரேயன்றி எந்த ஆகாரம் என்று அவருக்குத் தெரியவில்லை. 1924-இல் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் என்பவர் குழந்தைகளுக்கு வாழைப்பழத்தையே பிரதானமாகக் கொடுத்துத் தேற்றினார். வாழைப்பழத்தில் ஏதோ ஔஷத சக்தி இருப்பதாகப் பலரும் நம்பினார்கள். உண்மையில் குழந்தைகளைக் காப்பாற்றியது, வாழைப்பழம் வந்த இலையில் ரொட்டி இல்லாமற்போனதே. இதை டிக்கே யுத்தத்துக்கு முன்பிருந்தே சந்தேகித்து, பஞ்சகாலத்தில் உறுதி செய்துகொண்டு, 1950-இல் உட்ரெக்ட் சர்வகலாசாலைக்குச் சமர்ப்பித்த ஆராய்ச்சி நூலில் கோதுமையே மூலகாரணம் என்று நிலைநாட்டினார்.

கோதுமை மாவைப் பிசையும்போது அது இழுத்த இழுப்புக்கு வருவதற்கும், பரோட்டா மாஸ்டர் அதைத் துணிபோல் வீசி விரிப்பதற்கும் காரணமான புரதத் தொகுதிக்கு குளூட்டன் என்று பெயர். பார்லியிலும், மேல்நாட்டாரின் ரை தானியத்திலும் இதற்கு நெருங்கிய உறவான புரதங்கள் இருக்கின்றன. இவை எவருடைய வயிற்றிலும் முழுமையாக ஜீரணமாவதில்லை என்றாலும் பெரும்பாலோர்க்கு அதனால் தீங்கு நேர்வதில்லை; பரம்பரையில் டி.க்யூ.2, டி.க்யூ.8 என்னும் ஜீன்களைப் பெற்றவர்களுள் சிலருக்கு மட்டும், எஞ்சிய துணுக்குகளைத் தேகத்தின் காவற்படை பகைவனாகக் கருதிப் போர் தொடுத்து, அப்போரில் தன் சொந்தக் குடலையே அழித்துவிடுகிறது. நாற்றங்காலில் நெருங்கி நிற்கும் பயிரைப்போல் சிறுகுடலின் உட்புறமெங்கும் நின்று ஆகார சத்தை உறிஞ்சுகின்ற நுண்ணிய விரல்கள் யாவும் மழுங்கி, தரையோடு தரையாகிவிடுவதால், நன்றாக உண்டும் தேகம் பட்டினி கிடக்கிறது. இது தொற்றுநோயும் அன்று. சிலருக்குக் கோதுமை பட்டதும் தடிப்பும் மூச்சுத்திணறலும் உண்டாக்குகிற ஒவ்வாமையும் அன்று.

குழந்தைகளிடம் ஓயாத வயிற்றுப்போக்கு, உப்பிய வயிறு, வளர்த்தி குன்றுதல் என்று வெளிப்படையாகத் தோன்றும் இந்நோய், பெரியவர்களிடம் வேறு வேஷங்களில் வருகிறது. இரும்புச்சத்து மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கியும் நீங்காத சோகை, காரணம் தெரியாத அசதி, எலும்புத் தேய்மானம், வாய்ப்புண், சிலருக்குக் கருத்தரிக்கத் தடை, முழங்கையிலும் முழங்காலிலும் அரிக்கும் கொப்புளங்கள் என்ற இவற்றைப் பார்த்து, வயிற்றைப் பற்றி எவர் யோசிப்பார்?

நம் நாட்டில் இவ்வியாதியைப் பஞ்சாப், டெல்லிப் பக்கத்து வியாதி என்றே நெடுங்காலம் எண்ணி வந்தார்கள். அது பெரும்பாலும் மெய்தான். ஆனால் அந்த மெய்க்குள் நாம் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. வடக்கிலும் வடகிழக்கிலும் தெற்கிலுமாக 23,000-க்கு மேற்பட்டவர்களைப் பரிசோதித்து 2016-இல் வெளியான ஆராய்ச்சியில், வடபுலத்தில் நூற்றுக்கு 1.23 பேருக்கும், தென்புலத்துக்காக எடுத்துக்கொண்ட வேலூர்ப் பிரதேசத்தில் நூற்றுக்கு 0.10 பேருக்கும் இந்நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தது. அப்படியானால் நம் ரத்தத்தில் அந்த ஜீன் இல்லையோ என்று பார்த்தால், வடக்கே நூற்றுக்கு 38 பேரிடமும் இங்கே 36 பேரிடமும் அது இருந்தது! வித்தியாசம் இலையில்தான்: அங்கே ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை 455 கிராம், இங்கே 25 கிராம். நம் முன்னோர் சோறும் களியும் கம்மங்கூழும் உண்டு வாழ்ந்தவரையில் அந்த ஜீன் எழுப்புவாரின்றி உறங்கிக் கிடந்தது என்றே நான் கொள்கிறேன். 0.10 என்பது சிறிய எண்ணாகத் தோன்றினும் ஆயிரத்துக்கு ஒருவர் என்று சொல்லும்போது, மல்லசமுத்திரம் போன்ற ஒரு பேரூரிலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும் ஒன்றிரண்டு வீடுகளிலாவது இந்நோயோ அதன் அறிகுறியான எதிர்ப்பொருளோ பெயர் தெரியாமலே குடியிருக்கக்கூடும் என்பது விளங்கும்.

பெயர் தெரியாமற்போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர், வி. ஐ. மாத்தன் முதலியோர் பல்லாண்டுகள் ஆராய்ந்த ஸ்ப்ரூ என்னும் குடல்நோய், 1960-களின் தொடக்கத்தில் வட ஆற்காட்டுக் கிராமங்களில் கொள்ளைநோய்போல் பரவியது. அதிலும் குடலின் நுண்விரல்கள் மழுங்கும், அதிலும் தேகம் இளைக்கும். எனவே தெற்கே இத்தகைய நோயாளியைக் கண்ட வைத்தியர் முதலில் ஸ்ப்ரூவையும் காசத்தையும் புழுக்களையும் நினைத்தது இயல்பே. இவ்வளவு அரிசி தின்பவனுக்குக் கோதுமை நோயா என்ற எண்ணம் இன்றும் பலரிடம் இருக்கிறது.

ஆனால் இப்பொழுது நாம் அவ்வளவு அரிசி தின்பவர்களாக இல்லை. 1956-இல் அமெரிக்காவோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி கப்பல் கப்பலாகக் கோதுமை வந்தது. பிறகு 1966-இல் மெக்ஸிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதையைத் தருவித்து வடநாட்டு வயல்களைப் பசுமையாக்கினார் அப்போதைய உணவு மந்திரி சி. சுப்பிரமணியம். அவர் நம் கொங்குச் சீமைக்காரர் என்பது இங்கே நினைக்கத்தக்கது. அந்தப் புண்ணியத்தில் பஞ்சம் ஒழிந்தது. கோதுமையும் மெல்ல மெல்ல நம் வீட்டுக்குள் வந்தது. காலையில் ரவை உப்புமா, மாலையில் பிஸ்கட், ராத்திரியில் நீரிழிவுக்காரருக்குச் சப்பாத்தி, ஞாயிற்றுக்கிழமை பரோட்டா என்று ஆகிவிட்ட குடும்பங்கள் நாமக்கல் ஜில்லாவில் ஆயிரக்கணக்கில் உண்டு.

சீலியாக் நோய்க்கு இன்றுவரை பத்தியமே மருந்து. அதுவும் ஆயுள் பரியந்தம். மேல்நாட்டு நோயாளிக்கு இது பெருந்துன்பம், ஏனெனில் ரொட்டியும் கேக்கும் நீங்கினால் அவன் மேஜையில் மிஞ்சுவது சொற்பம். மல்லசமுத்திரத்து நோயாளிக்கோ இட்டிலி, தோசை, சந்தகை, பணியாரம், ராகிக்களி, கம்மஞ்சோறு, சோளச்சோறு, அரிசியும் பருப்பும் சாதம், கொல்லிமலைச் சாமை, தினை, வரகு, குதிரைவாலி, கச்சாயம் என்று எண்ணிக்கொண்டே போகலாம். பயறு, காய், கனி, பால், முட்டை, மாமிசம் எதற்கும் தடையில்லை. அயல்நாட்டுப் பெயர் எழுதி ஐந்து மடங்கு விலைக்கு விற்கும் குளூட்டன் இல்லாத ரொட்டிப் பொட்டலங்களை நம் ஊரில் ஒருவர் தேடி அலைவது அநாவசியம் என்பதே என் அபிப்பிராயம். ரேஷன் அரிசியும் சந்தையில் விற்கும் ராகியும் அதைவிடச் சிலாக்கியமானவை.

கஷ்டமெல்லாம் மறைந்து வரும் கோதுமையிடத்தில்தான். ரவையும் சேமியாவும் மைதாவும் கோதுமையே என்பதை மறந்து, சப்பாத்தியை மட்டும் நிறுத்திவிட்டு ரவா தோசை உண்பவர்கள் இருக்கிறார்கள். கடையில் வாங்கும் பெருங்காயம், கட்டியானாலும் தூளானாலும், அநேகமாகக் கூட்டுப் பெருங்காயமாகவே இருக்கும். அதில் மைதா சேர்ப்பது வழக்கம். சாம்பார், ரசம், மோர், ஊறுகாய், கோயில் புளியோதரை என்று எதையெல்லாம் பெருங்காயம் தொடுகிறதோ அதையெல்லாம் அந்த மைதாவும் தொடுகிறது. அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் உண்டு, விசாரித்து வாங்கவேண்டும். தேகபுஷ்டிக்கென்று பாலில் கலக்கும் மால்ட் பானங்களில் பார்லியும், வீட்டிலே பல தானியம் வறுத்து அரைக்கும் சத்துமாவில் சம்பா கோதுமையும் இருக்கும். பிள்ளை இளைக்கிறதே என்று தாய் அதையே இன்னும் ஒரு கரண்டி கூட்டிக் கொடுப்பாள். சோயா சாஸ் ஊற்றிய ப்ரைட் ரைஸ், மைதா கரைத்துக் கெட்டியாக்கிய குருமா, சில பலகாரக் கடைகளில் மொறுமொறுப்புக்காகத் தட்டுவடையிலும் முறுக்கிலும் கலக்கும் மைதா ஆகியவையும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. சேலத்துத் தட்டுவடை செட்டை நோயாளி அடியோடு துறக்கவேண்டியதில்லை. தட்டு எந்த மாவில் சுட்டது என்று கேட்டுக்கொண்டால் போதும்.

மாவு மில்லைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். ஒரே இயந்திரத்தில் ஒருவர் கோதுமை அரைத்துப்போன பின்னாலேயே அடுத்தவரின் ராகி விழுகிறது. முன்னதின் மாவு பின்னதில் கலந்தே வரும். கோதுமை இல்லை என்று சத்தியம் செய்யத்தக்க ராகிக்களியை உண்டும் உடம்பு தேறாதிருப்பதற்கு இது ஒரு ரகசியக் காரணம். மில்காரரிடம் விஷயத்தைச் சொல்லி, தனக்கு முன் அரிசி அரைத்தவருக்கு அடுத்து நிற்பதோ, வீட்டிலேயே சிறிய இயந்திரம் வைத்துக்கொள்வதோ நன்று. சப்பாத்தி சுட்ட கல்லில் தோசை வார்ப்பதும், பரோட்டாக் கல்லில் முட்டை ஊற்றுவதும் இவ்வாறே. மருத்துவ உலகம் வகுத்திருக்கும் எல்லை மிகச் சிறியது: ஒரு கிலோ பண்டத்தில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்கு மேற்படாதிருந்தால்தான் அதைக் குளூட்டன் இல்லாதது என்று எழுதலாம் என்பது நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. கோதுமை சேர்ந்திருந்தால் பொட்டலத்தின்மேல் அறிவிக்கவேண்டும் என்றும் விதி உண்டு. எனவே பொட்டலத்தின் முதுகைப் படிப்பது இவ்வீட்டாருக்கு நித்திய கர்மம்.

இவற்றை எல்லாம் சமாளித்துவிடலாம். உபசாரத்தைச் சமாளிப்பதுதான் கடினம். கல்யாணப் பந்தியில் கேசரியும் ஒப்புட்டும் சேமியாப் பாயசமும் வரிசையாக வரும்போது வேண்டாமென்று கையமர்த்துகிறவனை நம்மவர்கள் சும்மா விடுவதில்லை. “கண்ணு, ஒரு வாய் தின்னா என்னாயிரப்போவுது?” என்று அம்மிச்சி வாஞ்சையோடு கேட்டால் எந்தப் பேரன் மறுப்பான்? ஒரு வாய் குடலுக்கு ஒரு வாய்தான். ஆனால் காவற்படைக்கு அது போதும், பல நாள் யுத்தத்துக்கு. பள்ளிக்கூடத்திலும் இதே கதை: 2022 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய காலை உணவுத் திட்டம் மிகவும் போற்றத்தக்க ஏற்பாடு என்பதில் ஐயமில்லை, ஆனால் அதன் பட்டியலில் ரவை உப்புமாவும் சேமியா உப்புமாவும் கோதுமை ரவையும் அடிக்கடி வருகின்றன. பொங்கலும் அரிசி உப்புமாவும் வரும் நாள் போக மற்ற நாட்களில் இக்குழந்தைக்கு வீட்டிலிருந்து ஆகாரம் போகவேண்டும். தலைமையாசிரியரிடமும் சமையற்கார அம்மாவிடமும் பெற்றோர் நேரில் போய்ச் சொல்லிவைப்பது உத்தமம்.

இனி நம் ஜவ்வரிசிக்கு வருவோம். சேலம், நாமக்கல் பக்கத்துச் சேகோ ஆலைகளில் கிழங்கைத் தோல் சீவி அரைத்து, பாலை வடித்து, படிந்த மாவைக் குருணையாக்கி, வறுத்து, வெயிலில் உலர்த்துகிறார்கள். இதில் கோதுமைக்கு இடமே இல்லை. 1981-இல் சேலத்தில் ஏற்பட்ட சேகோ சர்வ் கூட்டுறவு சங்கத்தின் மூலமாகவும் பிற வியாபாரிகள் மூலமாகவும் இது மகாராஷ்டிரம், வங்காளம், மத்தியப் பிரதேசம் என்று செல்கிறது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மக்காச்சோள மாவைக் கலக்கிறார்கள் என்று நம் விவசாயிகள் செய்யும் முறையீடு நியாயமானதே. ஆயினும் மக்காச்சோளத்திலும் குளூட்டன் கிடையாதாகையால் சீலியாக் நோயாளிக்கு அதனால் பயமில்லை. கோதுமை ரொட்டியன்றி வேறறியாத வடநாட்டு வீடொன்றில் இந்நோய் கண்ட குழந்தைக்கு, ஏகாதசி விரதத்துக்கென்று வாங்கி வைத்த நம் ஜவ்வரிசி தினசரி ஆகாரமாகிவிடுகிறது. ஆனால் அது ஏறக்குறைய முழுவதும் மாச்சத்தே. புரதமும் இரும்பும் மிகக் குறைவு. சோகையோடு வரும் நோயாளி ஜவ்வரிசிக் கஞ்சியையே நம்பியிருந்தால் சோகை போகாது. ராகி, கம்பு, கொள்ளு, கீரை, முட்டை இவற்றின் நடுவே ஜவ்வரிசி ஒரு சௌகரியமாக இருக்கட்டும்.

இவ்வளவும் படித்தபின், தமக்கோ தம் குழந்தைக்கோ இந்நோய் இருக்குமோ என்று சந்தேகிக்கிற வாசகருக்கு ஒரு வேண்டுகோள். நாளைக்கே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். ரத்தத்தில் டி.டி.ஜி. எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனையும், சந்தேகம் உறுதிப்படின் குழாய் செலுத்திச் சிறுகுடலின் துணுக்கை எடுத்துப் பார்க்கும் பரிசோதனையும், கோதுமை உண்டு வருகிறவரிடத்தில்தான் உண்மை பேசும். நிறுத்திப் பல வாரங்கள் கழித்துப் போனால் குடல் ஆறத் தொடங்கியிருக்கும், இல்லை என்றே முடிவு வரும். முதலில் குடல்நோய் நிபுணரைக் கண்டு பரிசோதியுங்கள். நோய் உண்டென்று தெரிந்தால், பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் பிள்ளைகளையும் அழைத்துப்போய் அவர்களுக்கும் அந்த ரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள், ஏனெனில் அவர்களுள் பத்தில் ஒருவர்வரை இந்நோய்க்கு உள்ளாகியிருப்பதுண்டு. கோதுமையை நிறுத்துவது அதற்குப் பிறகு.