மேட்டுத் தண்ணி டாங்கியும் உங்கள் பிரஷரும்



"பிரஷர் இருந்தா தலை சுத்தணும், பிடரி வலிக்கணும். எனக்கு ஒண்ணும் இல்லையே, எதுக்கு மாத்திரை?" பெக்கோக் பக்கத்துத் தோட்டங்களில் இப்படிச் சொல்கிறவர்கள் உண்டு. நல்லாத்தான் இருக்கோம் என்று மாத்திரையை நிறுத்தி, பக்கவாதத்தில் விழுந்தபின் வருந்தி என்ன பயன்?

அழுத்தம் என்பது என்ன? மேட்டில் நிற்கும் தண்ணி டாங்கியைப் பாருங்கள். பள்ளத்து லயத்தில் குழாயைத் திறந்தால் தண்ணீர் சீறி வரும். டாங்கிக்குப் பக்கத்து வீட்டிலோ நூல் மாதிரி ஒழுகும். டாங்கி அகலமா, குறுகலா என்பது கணக்கில்லை. தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதுதான் கணக்கு. காற்றின் குணம் வேறு. முதுகில் மாட்டும் மருந்துப் பம்பைக் கையால் அடிக்க அடிக்க உள்ளே காற்று நெருங்கும். தண்ணீரை அப்படி நெருக்க முடியாது. நெருங்கிய காற்று மருந்தைத் தள்ள, அது நுனியில் தூறலாய்த் தெளிக்கிறது.

நம் உடம்பில் மேட்டு டாங்கி கிடையாது. இருதயமே பம்பு. இரத்தம் எவ்வளவு வேகமாக முட்டுகிறது என்று ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் குதிரையின் இரத்தக் குழாயில் கண்ணாடிக் குழாயைச் செருகிப் பார்த்தார். இரத்தம் எட்டடிக்கு மேல் ஏறி நின்றது. 1733-ல் அதை நூலாக எழுதி வெளியிட்டார். பாவம் அந்தக் குதிரை!

நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. 1896-ல் இத்தாலியர் ரிவா-ரோச்சி கைப்பட்டையைக் கொண்டுவந்தார். பட்டைக்குள் காற்றடித்தால் அது புயத்தை இறுக்கி இரத்தக் குழாயை மூடும். காற்றை மெதுவாக விடும்போது இரத்தம் முட்டித் திறந்துகொண்டு பாயும். அந்தச் சத்தத்தைக் காதுக்குழாய் வைத்துக் கேட்கும் வழியை ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் 1905-ல் சொன்னார். சத்தம் தொடங்கும்போது மேல் எண், அடங்கும்போது கீழ் எண். 120 என்றால் பாதரசம் 120 மில்லிமீட்டர் ஏறுகிற அழுத்தம். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். அதே அழுத்தம் தண்ணீரை ஐந்தடிக்கு மேல் தூக்கி நிறுத்தும். அந்தக் காலத்து டிரெசர் மேசையில் இருந்த பாதரசப் பெட்டி போய் இன்று மின்கருவி வந்துவிட்டது. ஆனாலும் கணக்கு அதேதான்.

அளக்கும்போது கையைத் தொங்கவிடாதீர்கள். கை பத்து சென்டிமீட்டர் தாழ்ந்தால் எண் ஏழு எட்டு கூடிப்போகும், பள்ளத்துக் குழாய் கதைதான். நெஞ்சுக்கு நேராக மேசையில் வையுங்கள். ஐந்து நிமிஷம் உட்கார்ந்து ஆறிய பிறகு, பேசாமல் அளக்க வேண்டும். சிகரெட், காப்பி அரை மணி நேரத்துக்கு முன்பே நிறுத்துங்கள். ஒரு தடவை கூடினால் பயம் வேண்டாம். பல தடவை அளந்தும் 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் நின்றால், அது இரத்தக் கொதிப்பு.

குழாய் உள்ளே எவ்வளவு இறுக்கத்தில் இருக்கிறது என்று வெளியே தெரியுமா? வெடித்த பிறகுதான் தெரியும். அதனால்தான் 'தலை சுத்தலியே' என்பது சாட்சியாகாது. நம் நாட்டில் 2019 ஆய்வின்படி, பெரியவர்களில் பத்துக்கு மூன்று பேருக்கு இந்த நோய் உண்டு. மூளை, இருதயம், சிறுநீரகம், கண் எல்லாமே சத்தமில்லாமல் கெடும்.

உப்பு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கருவாடு, ஊறுகாய், கிச்சாப் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்திதான். "வெயிலில் வேர்க்குதே, உப்பு வேணாமா?" பெரும்பாலோருக்குச் சாப்பாட்டில் இருப்பதே போதும்; தண்ணீர்தான் நிறையக் குடிக்க வேண்டும். முருங்கைக்கீரை சாப்பிடுங்கள், நல்லதுதான். அதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். எண் இறங்கியிருப்பதே மாத்திரையால்தான். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கிளினிக்கில் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

வீட்டில் யாருக்காவது திடீரென்று வாய் கோணினால், ஒரு கை தூக்க முடியாவிட்டால், பேச்சுக் குழறினால் எண்ணெய் தேய்த்து உருவிவிட்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 999-க்குப் போன் போடுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.