கருங்கழுத்து முயல்

கருங்கழுத்து முயல் அல்லது இந்தியக் காட்டு முயல் என்பது இந்தியத் துணைக்கண்டத்திலும் இலங்கையிலும் இயற்கையாக வாழும் ஒரு தாவர உண்ணிப் பாலூட்டி ஆகும். இதன் அறிவியற் பெயர் லெப்பஸ் நைக்ரிகாலிஸ். 1823 ஆம் ஆண்டு பிரெடெரிக் கூவியே என்னும் பிரான்சிய விலங்கியலாளர் இதற்குப் பெயரிட்டார். தமிழ்நாட்டின் செங்கல்பட்டுப் பகுதியிலுள்ள புதர்க்காடுகளும், மாமல்லபுரம் கடற்கரையை ஒட்டிய புல்வெளிகளும் சவுக்குத் தோப்புகளும் இதற்கேற்ற வாழிடங்களாகும்.

தோற்றம்

உடல் நீளம் 40 முதல் 70 செ.மீ. வரை இருக்கும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படும் முயல்களின் பிடரியில் கரிய திட்டு ஒன்று உண்டு. பெயர்க் காரணம் இதுவே. வாலின் மேற்புறமும் கருப்பாக இருக்கும். வயிற்றுப்புறம் வெண்மையானது.

குழிமுயலிலிருந்து வேறுபாடு

தமிழில் இரண்டும் முயல் என்றே அழைக்கப்பட்டாலும், வீடுகளில் வளர்க்கப்படும் முயல் ஐரோப்பியக் குழிமுயலின் வழிவந்தது. அது வேறு பேரினத்தைச் சேர்ந்தது. காட்டு முயலுக்கு 48 நிறப்புரிகளும் குழிமுயலுக்கு 44 நிறப்புரிகளும் உள்ளன. குழிமுயல் மண்ணில் வளை தோண்டி வாழும். காட்டு முயல் வளை தோண்டுவதில்லை. புல்லை அமுக்கி உடல் அளவே உள்ள ஒரு பள்ளம் அமைத்து, பகல் முழுவதும் அதில் அசையாமல் படுத்திருக்கும்.

உணவும் சூழலும்

அந்தி முதல் விடியல் வரை இரை தேடும். இளம்புல், செடிகளின் தளிர்கள், பயிர்கள் ஆகியன இதன் உணவு. ஒருமுறை செரித்து வெளியேறும் மென்மையான எச்சத்தை மீண்டும் உண்டு, எஞ்சிய சத்துகளைப் பெறுகிறது. நரி, காட்டுப்பூனை, கீரி, பெரிய ஆந்தைகள் முதலியவை இதனை வேட்டையாடுகின்றன. நிறமும் அசையாமையும் முதற் பாதுகாப்பு. பகை மிக நெருங்கிய பின்னரே பாய்ந்து ஓடும்.

இனப்பெருக்கம்

ஆண்டு முழுவதும் இனப்பெருக்கம் செய்யக்கூடியது. சினைக்காலம் ஏறத்தாழ ஆறு வாரங்கள். ஓர் ஈற்றில் பொதுவாக 1 முதல் 4 குட்டிகள் பிறக்கும். குழிமுயலின் குட்டிகள் முடியின்றியும் கண் திறவாமலும் பிறக்க, இதன் குட்டிகளோ முடியுடனும் திறந்த கண்களுடனும் பிறக்கின்றன.

வளையின் காப்பு இல்லாததால், தாய் குட்டிகளின் அருகிலேயே தங்குவதில்லை. தங்கினால் அதன் மணம் பகைவிலங்குகளை ஈர்க்கும். காட்டு முயல் இனங்களில் தாய் பொதுவாக நாளுக்கு ஒருமுறை, இருட்டிய பின் வந்து பாலூட்டிச் செல்லும். எனவே பகலில் புல்லிடையே தனித்துக் கிடக்கும் குட்டி பெரும்பாலும் கைவிடப்பட்டதன்று. அதனை எடுத்துச் செல்வது தாயிடமிருந்து பிரிப்பதாகவே முடியும். காயமின்றி இருந்தால் இருந்த இடத்திலேயே விட்டுவிடுவது நல்லது.

பாதுகாப்பு

உலக அளவில் இது அழிவாய்ப்பு குறைந்த இனமாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. எனினும் புதர்நிலங்கள் மனைகளாக மாறுதல், தெருநாய்கள், இரவு நேர வாகனங்கள், கண்ணி வைத்தல் ஆகியன உள்ளூர் அளவில் இதனைப் பாதிக்கின்றன. 1972 ஆம் ஆண்டு இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இதனை வேட்டையாடுவது குற்றமாகும்.