கால்ஷீட்டும் மாதச் சம்பளமும்

வடபழனியில் இன்று மால் நிற்கிற இடம் முன்பு விஜயா-வாகினி ஸ்டுடியோ. அக்கால ஸ்டுடியோக்கள் ஒருவகை ஆலைகள். எழுத்தாளனும் தச்சனும் மாதச் சம்பளக்காரர்கள். அசோகமித்திரன் 1952 முதல் 1966 வரை ஜெமினியில் அப்படி வேலை பார்த்தவர்தான். இந்த அமைப்பு சரிந்ததைக் 'கலைஞனின் விடுதலை' என்று சொல்வதுண்டு. யாருடைய விடுதலை? நட்சத்திரம் தன் விலையைத் தானே சொல்ல முடிந்தது, சரி. லைட்மேனுக்குக் கிடைத்தது கால்ஷீட்டும் பேட்டாவும். வேலை இருந்தால் உலை கொதிக்கும், இல்லாட்டி இல்லை.

1981இல் வந்த தமிழகச் சட்டம், 24 மாதத்தில் 480 நாள் ஒரு நிறுவனத்தில் தொடர்ந்து உழைத்தவரை நிரந்தரமாக்கச் சொன்னது. அதே ஆண்டு மத்திய அரசின் சினிமாத் தொழிலாளர் சட்டம் கேட்டதோ எழுத்து மூலமான ஒப்பந்தத்தை. படம் முடிந்ததும் யூனிட்டே கலைந்துபோகிற தொழிலில் 480 நாளை யாரிடம் போய் எண்ணுவது?

ஆக 'நிரந்தரம்' என்பது கம்பெனியை விட்டுச் சங்க அட்டைக்கு இடம்பெயர்ந்தது. 2017 மோதலில், யாரை வைத்தும் படமெடுப்போம் என்று தயாரிப்பாளர்கள் குறிவைத்தது இந்த அட்டையைத்தான். ஏகபோகம் என்ற அவர்களது குற்றச்சாட்டில் பாதி உண்மை இருக்கிறது; அட்டை இல்லாதவனுக்குக் கதவு சாத்தித்தான் கிடக்கிறது. ஆனால் கூலி பேச வேறு யார் இருந்தார்கள்?

2020 மார்ச்சில் படப்பிடிப்புகள் நின்றன. கால்ஷீட் கூலிக்கு விடுப்புச் சம்பளம் ஏது? பெப்சி நடிகர்களிடம் உதவி கேட்டது. சம்பளமாக வரவேண்டியது அரிசி மூட்டையாக வந்தது.