கட்டங்களுக்குள் கண்டி: வீடியோ கேம் பாத்திரங்களுக்கு ஆடை வரையும் கலை

வீடியோ கேமில் ஆடுபவரின் சார்பில் திரையில் நடமாடும் உருவம் பாத்திரம் எனப்படுகிறது. அந்தப் பாத்திரத்தின் உடற்கட்டையோ ஆற்றலையோ தொடாமல், முகம், தலைமுடி, உடை, அணிகலன் ஆகிய மேற்பரப்புத் தோற்றத்தை மட்டும் மாற்றும் படத்தை விளையாட்டுலகம் ஸ்கின் என்று அழைக்கிறது. 1996இல் வெளிவந்த குவேக் என்னும் விளையாட்டில் ஆடியவர்களே தம் பாத்திரங்களுக்கான படங்களை வரைந்து பிறருடன் பகிர்ந்துகொண்டனர். இன்று ஃபோர்ட்நைட், ஃப்ரீ ஃபயர் போன்ற விளையாட்டுகளில் ஸ்கின் என்பது பெரும்பாலும் நிறுவனம் வடிவமைக்க ஆடுபவர் பணம் கொடுத்துப் பெறும் பொருளாகிவிட்டது. எனினும், ஆடுபவர் தாமே வரைந்த ஆடையைத் தம் பாத்திரத்துக்கு அணிவிக்கும் உரிமை சில விளையாட்டுகளில் இன்றும் நிலைத்திருக்கிறது; சுவீடனின் மோஜாங் நிறுவனம் உருவாக்கி, 2011இல் முழுமையான வடிவில் வெளியிட்ட மைன்கிராஃப்ட் அவற்றுள் முதன்மையானது.

கண்டி நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் அறிந்தவர்களுக்கு இந்தக் கலை அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை. 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட இந்நகரில் தலதா மாளிகையின் எசல பெரஹெர ஆண்டுதோறும் வீதியுலா வருகிறது. நகரைச் சூழ்ந்த ஊர்களில் தறியும் உளியும் இன்னும் ஓயவில்லை. அதற்கப்பால் தேயிலை மலைகளில் மலையகத் தமிழரின் உழைப்பும் கூத்தும் தமக்கேயுரிய உடை மரபுகளைக் கொண்டுள்ளன. ஓர் ஆடையின் அடையாளத்தை மிகச் சில குறிகளால் உணர்த்துவதே ஸ்கின் வடிவமைப்பின் உயிர்நாடி என்பதால், அந்தத் திறனை நூற்றாண்டுகளாகக் கையாண்டுவரும் இந்தப் பகுதி, அதைக் கற்க விரும்பும் இளையோருக்குச் சிறந்த பள்ளியாக அமையக்கூடும்.

நாலாயிரத்துச் சொச்சம் புள்ளிகள்

முப்பரிமாண உருவத்தின் மேல் இருபரிமாணப் படத்தைப் போர்த்துவதே எல்லா ஸ்கின்களுக்கும் அடிப்படையான நுட்பமாகும். அட்டைப் பெட்டியொன்றை மூலைகளில் வெட்டித் தட்டையாக விரித்து, அதன் மேல் வரைந்து, மீண்டும் மடித்தால் வரைந்தவை பெட்டியின் பக்கங்களில் உரிய இடத்தில் வந்து அமைவது போலவே, கணினியும் பாத்திரத்தின் உடலை விரித்த தளமாகக் கொண்டு, அத்தளத்திலுள்ள ஒவ்வொரு புள்ளியும் உடலில் எங்கே பொருந்த வேண்டும் என்பதைக் கணக்கிட்டு வைத்திருக்கிறது. படத்தின் மிகச் சிறிய சதுர அலகான இந்தப் புள்ளியைப் பிக்சல் என்கின்றனர்.

மைன்கிராஃப்டின் வழமையான ஸ்கின் அகலத்தில் 64, உயரத்தில் 64 என மொத்தம் 4,096 பிக்சல்கள் கொண்ட ஒரே படமாகும். அதில் தலையின் ஒவ்வொரு முகப்பும் எட்டுக்கு எட்டு என்ற அளவிலும், மார்பும் வயிறும் சேர்ந்த முன்பகுதி எட்டுக்குப் பன்னிரண்டு என்ற அளவிலும், கைகளும் கால்களும் நான்கு பிக்சல் அகலத்திலும் அமைகின்றன. கண், மூக்கு, வாய், நெற்றி ஆகிய அனைத்தும் 64 பிக்சல்களுக்குள் அடங்க வேண்டும் என்பதால், புருவத்துக்கு ஒரு புள்ளியைக் கொடுத்தால் அந்தப் புள்ளி வேறொன்றுக்குக் கிடைக்காது என்ற நெருக்கடியில்தான் வரைபவரின் ஒவ்வொரு முடிவும் பிறக்கிறது.

2014இல் இந்த அமைப்பில் இரண்டு முக்கிய மாற்றங்கள் வந்தன. அதுவரை வலக்கைக்கும் வலக்காலுக்கும் வரைந்ததே இடப்பக்கத்திலும் கண்ணாடிப் பிம்பமாகத் தோன்றியது. அதன் பின்னர் இரு பக்கங்களையும் தனித்தனியே வரைய முடிந்தது. தலைக்கு மட்டும் இருந்த இரண்டாம் அடுக்கும் உடல் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. உடலைவிடச் சற்றே பெரிதாக அதைச் சூழ்ந்து நிற்கும் இந்த மேலடுக்கில் வேண்டிய இடங்களை வெறுமையாக விடலாம் என்பதால், அடியிலுள்ள தோலும் துணியும் அவ்விடைவெளிகளினூடே தெரியும். தோளின் ஒரு பக்கத்தில் மட்டும் முந்தானை விழும் சேலையையும், மார்பின் மேல் தளர்ந்து தொங்கும் அணிகளையும் கொண்ட நம் நாட்டு உடைகளுக்கு இவ்விரு மாற்றங்களும் பெரிதும் உதவுகின்றன.

தறியும் தூணும் கற்றுத்தரும் பாடம்

கட்டங்களால் உருவம் அமைக்கும் கலை கணினியோடு தோன்றியதன்று. கண்டிக்கு அருகே குண்டசாலைப் பக்கத்திலுள்ள ஹேனவல கிராமத்தில், 'ஹண' எனச் சிங்களத்தில் வழங்கும் செடியின் நாரைக் கொண்டு நெய்யப்படும் தும்பறைப் பாய்கள் அதற்குச் சான்று. 2021இல் யுனெஸ்கோவின் தொட்டுணரமுடியாப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற இந்நெசவில் யானை, மான், பாம்பு, பூ, விண்மீன் ஆகிய உருவங்கள் நாரின் இயல்பான வெண்மையோடு சிவப்பு, மஞ்சள், கறுப்பு என மிகச் சில நிறங்களிலேயே எழுகின்றன. ஊடும் பாவும் செங்குத்தாகக் குறுக்கிடுவதால் வளைகோட்டைத் தறியில் அப்படியே நெய்ய முடியாது. யானையின் துதிக்கையும் பாம்பின் நெளிவும் படிப்படியாக இறங்கும் சிறு சதுரங்களாகவே அமைகின்றன. ஆயினும், பார்ப்பவர் அதை யானை என்று உடனே அறிந்துகொள்வதற்குக் காரணம், யானையின் எல்லாவற்றையும் காட்ட முயலாமல், அதை யானையாக்கும் துதிக்கையையும் முதுகின் வளைவையும் மட்டும் நெசவாளர் தேர்ந்தெடுத்திருப்பதுதான்.

உடுநுவரப் பகுதியில், 14ஆம் நூற்றாண்டில் கம்பளை மன்னர் காலத்தில் எழுந்த எம்பெக்கே தேவாலயத்தின் மரத்தூண்களும் இதே உண்மையை வேறொரு வகையில் உணர்த்துகின்றன. தூண்களின் பக்கங்களிலுள்ள சிறு சதுரச் சட்டங்களுக்குள் நடனமாதர், மல்லர், அன்னம், இருதலைப் பறவை, பாலூட்டும் தாய் எனப் பல உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. சட்டத்தின் எல்லை சிறிதாக இருப்பதால் உடலின் வெளிக்கோடே அங்கு முதலில் பேசுகிறது. ஸ்கின் வரைபவரும் நுணுக்கங்களுக்குச் செல்லும் முன்னர், தொலைவிலிருந்து பார்க்கும்போது உருவத்தின் பெரிய நிறப்பகுதிகள் தெளிவாகப் பிரிந்து தெரிகின்றனவா என்பதை உறுதிசெய்ய வேண்டும். ஆட்டத்தின்போது பிற வீரர்கள் அந்தப் பாத்திரத்தைப் பெரும்பாலும் தொலைவிலிருந்தே காண்கின்றனர்.

மூன்று உடைகள், மூன்று தீர்வுகள்

கண்டிய நடனத்தின் உச்சமாகக் கருதப்படும் வெஸ் உடை, 64 ஆபரணங்களைக் கொண்டது என மரபு கூறுகிறது. வெள்ளி மின்னும் தலையணி, காதணிகள், மணிகளை வலைபோலக் கோத்த மார்பணி, கைவளைகள், இடுப்பில் மடிப்பு மடிப்பாக விரியும் வெண்துணி, காற்சிலம்பு ஆகியவை அதன் முதன்மையான கூறுகளாகும். மணிவலை மார்பணிக்கு மேலடுக்கு மிகப் பொருத்தமானது. கீழடுக்கில் ஆடுநரின் வெற்று மார்பை வரைந்து, மேலடுக்கில் ஒன்றுவிட்டு ஒன்றாகப் புள்ளிகளை இட்டு இடையில் வெறுமை விட்டால், வலையின் தன்மை தானாகவே தோன்றும். வெள்ளியைச் சாம்பல் நிறத்தால் மட்டும் நிரப்பினால் அது சிமெந்து போல மங்கிவிடும் என்பதால், நிழற்பகுதிக்கு நீலம் கலந்த கருமையும் ஒளிபடும் ஓரிரு புள்ளிகளுக்குத் தூய வெண்மையும் அருகருகே தரப்பட வேண்டும். தலையணியின் மேலெழும் தகடுகளை இங்கு உருவாக்க இயலாது. ஸ்கின் மேற்பரப்பை மாற்றுமே தவிர வடிவத்தை மாற்றாது. ஆகவே நெற்றிப்பட்டியும் காதோர வட்டங்களுமே தலையணிக்குச் சான்றாக நிற்க வேண்டும்.

கண்டியப் பெண்களின் ஒசரி என்னும் சேலைக்கட்டில் இடுப்பைச் சுற்றி விரியும் கொசுவமும் இடத்தோளின் மேல் விழும் தலைப்புமே அடையாளக் குறிகள். இடுப்பு வரிசையில் ஒளியும் நிழலும் மாறி மாறி வரும் ஒரே ஒரு கிடைக்கோடு கொசுவத்தை உணர்த்திவிடும். அதை விட்டுவிட்டுச் சேலையின் பூவேலைப்பாட்டில் புள்ளிகளைச் செலவிட்டால் அது எந்த ஊர்ச் சேலையாகவும் தோன்றக்கூடும்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் தெல்தோட்டைக்கு அருகே லூல்கந்துரவில் தேயிலையை வணிகப் பயிராக நட்ட காலந்தொட்டு இம்மலைகளில் உழைத்துவரும் தமிழ்ப் பெண்களின் தோற்றம் இதுவரை போதிய கவனம் பெறாத மூலவளமாகும். கொழுந்துக் கூடையின் எடையைத் தலையில் தாங்கும் கயிறு, கூடை, தேயிலைச் செடிகள் கிழிக்காமல் இடுப்பில் கட்டும் படங்கு ஆகிய மூன்றே குறிகள் அவர்களை அடையாளப்படுத்தப் போதும். கூடையைத் தனி உருவமாக ஒட்ட இயலாத இடத்தில், முதுகின் மேலடுக்கில் பின்னல் வரிகளாக அதை வரைந்து, உச்சந்தலையில் கயிற்றை ஒரு பிக்சல் வரியாக இட்டால், பின்னாலிருந்து பார்ப்பவருக்கும் அந்த உழைப்பாளி யார் என்பது விளங்கும். மாசி மாதத்தில் தோட்டங்களில் ஆடப்படும் காமன்கூத்தின் மன்மதன், ரதி, வீரபத்திரன், எமன் ஆகிய வேடங்களும், பாத்திரத்துக்குப் பாத்திரம் வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்ற கூத்தின் தேவையாலேயே, ஸ்கின்களுக்கு இயல்பாகப் பொருந்தக்கூடியவை.

அறிதலும் மதித்தலும்

பெரிய முப்பரிமாண விளையாட்டுகளில் பிக்சல் நெருக்கடி குறைந்து, படங்கள் 1024 அல்லது 2048 பிக்சல் அகலத்துக்கு விரிகின்றன. நிறத்துக்கு ஒரு படம், மேடுபள்ளத்தை ஒளியால் உணர்த்த ஒரு படம், பரப்பு எவ்வளவு பளபளக்க வேண்டும் என்பதற்கு ஒரு படம் எனப் பல படங்கள் ஒன்றுசேர்ந்து அங்கே ஆடையாகின்றன. பிளெண்டர், கிரிட்டா ஆகிய கட்டணமற்ற மென்பொருள்கள் இப்பணிக்குப் போதுமானவை. ஆனால் இடம் பெருகும்போது அறியாமையும் பெரிதாகத் தெரிகிறது; மடிப்பு எந்தப் பக்கம் விழும், அணி எங்கே முடியும் என்பதை நேரில் பார்த்து அறியாதவரின் ஆடை, எத்தனை பிக்சல் இருந்தாலும் பொய்யாகவே நிற்கும். கனடாவில் வாழும் தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைக் களமாகக் கொண்டு 2023இல் வெளிவந்த வெண்பா என்னும் விளையாட்டு உலகெங்கும் பாராட்டைப் பெற்றமைக்கு, வாழ்வை உள்ளிருந்து அறிந்தவர்கள் அதை உருவாக்கியதும் ஒரு காரணமாகும்.

அறிதலோடு மதித்தலும் வேண்டும். வெஸ் தலையணி வெறும் மேடை அலங்காரமன்று. கொஹொம்ப கங்காரிய என்னும் வழிபாட்டுச் சடங்கோடு தொடர்புடையது. நீண்ட பயிற்சிக்குப் பின், சடங்கு முறைப்படியே நடனக் கலைஞர் அதை முதன்முறையாக அணிகிறார். அத்தகைய அணியைக் கொலைகாரப் பாத்திரத்துக்கோ கேலிச் சித்திரிப்புக்கோ சூட்டுவது அதைப் போற்றிக் காப்பவர்களைப் புண்படுத்தும். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் நாட்டார் கலை வெளிப்பாடுகளை வணிக நோக்கில் கையாள்வதற்கு வரையறை விதிக்கிறது. தும்பறைக் கோலமொன்றைப் பாத்திரத்தின் மேலாடையில் பயன்படுத்தி விற்பனைக்கு விடுபவர், அதை நெய்த சமூகத்தின் பெயரைக் குறிப்பிடுவதும் பயனில் பங்களிப்பதும் அறமாகும்.

இலங்கைப் பாடசாலைகளில் சித்திரமும் நடனமும் ஒரு பக்கமும், தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் இன்னொரு பக்கமும் தனித்தனிப் பாடங்களாக நடக்கின்றன. கண்டி மாவட்ட மாணவர்கள் ஹேனவலத் தறிகளையும் எம்பெக்கே தூண்களையும் தோட்டத்துக் காமன் மேடையையும் நேரில் கண்டு, அங்கு கண்ட ஓர் உடையை முதலில் எட்டுக்கு எட்டுக் கட்டத் தாளிலும் பின்னர் கணினியிலும் வரைவதை ஒரே பயிற்சியாக அமைத்தால், இரு பாடங்களும் ஒன்றையொன்று வளர்க்கும். அயல்நாட்டுப் போர்வீரர்களையும் கற்பனை அரக்கர்களையும் மட்டுமே அணிந்து ஆடிவரும் தலைமுறை, தன் பாட்டி சுமந்த கூடையையும் தன் ஊரில் கேட்ட சிலம்பையும் உலகின் முன் நிறுத்தக் கற்றுக்கொள்வது அப்பயிற்சியின் உண்மையான பயனாக இருக்கும்.